சிவப்பு உறையை எடுத்தவள்

உப்பளத்துப் பாதையில் சிவப்பு உறை கிடந்தால் எங்கள் ஊரில் யாரும் தொடமாட்டார்கள். கல்யாணமாகாத பையன்கள் அதைக் கண்டால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியே போவார்கள். அப்படிப்பட்ட உறையை, கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் தலை நரைத்துப்போன ஒரு வெள்ளைக்காரி சைக்கிளை நிறுத்திக் குனிந்து எடுத்தாள். சவுக்கு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த உறைக்குள் இருந்தது என் மகள் கிம்-லானின் ஒரு கற்றை முடி, அவள் விரல் நகம், அவள் பிறந்த நாளும் நேரமும் எழுதிய துண்டுத் தாள், கொஞ்சம் பணம். செத்துப்போன பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது இப்படித்தான். உறையை எடுக்கிற ஆண்பிள்ளை அவளைச் சம்பிரதாயத்துக்குக் கட்டிக்கொள்ள வேண்டும். விருந்து கிருந்து எல்லாம் வேண்டாம், தன் வீட்டு முன்னோர் பலகையில் அவள் பெயரை ஏற்றி ஊதுவத்தி கொளுத்தினால் போதும். அதற்குத்தான் நானும் என் புருஷனின் அண்ணனும், அதாவது என் மூத்தார் ஆ-தோவும், என் ஓரகத்தியும் விடிந்ததிலிருந்து கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தோம்.

என் பெயர் போங்-சி. 'பிறந்தது பிறந்துவிட்டது, வளர்த்துத் தொலைப்போம்' என்று அர்த்தம். என் அப்பன் ஆண் குழந்தைக்குக் காத்திருந்து நான் வந்த எரிச்சலில் வைத்த பெயர். இந்தத் தைவான் கடற்கரையில் என் வயசுப் பெண்களில் பாதிப் பேருக்கு இந்த மாதிரிப் பெயர்தான். அந்த அவமானம் என்னோடு போகட்டும் என்றுதான் என் மகளுக்குப் பொன் மலர் என்று அர்த்தம் வருகிற மாதிரி கிம்-லான் என்று வைத்தேன். அவள் அப்பா கடலோடு போனபின் எனக்கு அவள் ஒருத்திதான். தாய்நான் நகரத்தில் துணி ஆலைக்கு வேலைக்குப் போனாள், காய்ச்சலோடு திரும்பி வந்தாள், ஒரு வாரத்தில் போய்விட்டாள். பத்தொன்பது வயது. அப்போதுதான் நாலு பேர் பெண் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

மகன் செத்தால் அப்பன் வீட்டுப் பலகையில் பெயர் ஏறும். மகள் செத்தால் புருஷன் வீட்டுப் பலகையில் ஏறும். புருஷனே இல்லாதவளுக்கு எந்த வீட்டிலும் இடமில்லை. இந்தச் சட்டத்தை எவன் போட்டானோ, அவன் நாசமாய்ப் போக. எங்கள் வழக்கப்படி, புதைத்துச் சில வருஷம் கழித்து எலும்பை எடுத்துக் கழுவி ஜாடியில் வைத்தபோது, அந்த ஜாடியைக் குடும்பக் கல்லறைக்குள் மூத்தார் விடவில்லை. வீட்டுக்குள்ளும் விடவில்லை. நான் சிப்பி உடைக்கிற கொட்டகையில், பழைய வலை ஒன்றைப் போர்த்தி மூலையில் வைத்திருந்தேன். ராத்திரி கனவில் வந்து கதவோரம் நிற்பாள். "அம்மா, நான் எங்க உக்கார்றது?" என்று கேட்பாள். வேறு ஒன்றும் கேட்கமாட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தால் விழித்துக்கொள்வேன்.

மூத்தாருக்கு என் மகள்மேல் திடீரென்று பாசம் பொங்கியதற்குக் காரணம் வேறு. அவர் பன்றிகள் வரிசையாகச் செத்தன. கோயில் சாமியாடி ஆடி முடித்து, "உங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு நின்னுக்கிட்டே இருக்கு, அதுக்குக் கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டான். மறுநாளே சிவப்பு உறை வாங்கிவிட்டார் மனுஷன்.

வெள்ளைக்காரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூத்தார் மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்தார்.

"ஏம்மா! ஏய்! கீழ போடு, கீழ போடு அத!"

அவள் பயப்படவில்லை. இரண்டு கையாலும் உறையை நீட்டினாள். "சமாதானம் உண்டாவதாக, ஐயா. எவரோ இதைத் தவறவிட்டிருக்கிறார்கள். இது உங்களுடையதா?"

அவள் எங்கள் பேச்சை வேதபுத்தகத்திலிருந்து கற்றவள். மீன்காரியிடம் மீன் வாங்கினாலும் அப்படித்தான் பேசுவாள். ஊர் அவளை பெ கோ-நியூ என்று கூப்பிட்டது. பெ என்றால் வெள்ளை, கோ-நியூ என்றால் கல்யாணமாகாத பெண். அவளுக்கென்று நார்வேக்காரப் பெயர் ஒன்று இருந்தது, எங்கள் வாயில் நுழையாது. ஜெபவீட்டை ஒட்டிய மருந்துக்கூடத்தில் நர்ஸ். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில்தான் விழுந்தன. பிரசவத்துக்கு அவளிடம் போவோம், அவள் சாமியிடம் போகமாட்டோம். சிப்பி வியாபாரி சுவா குடும்பமும் இன்னும் சில வீடுகளும்தான் அவள் பக்கம்.

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு என் காதில், "மாப்பிள்ளை வந்துட்டாருடி, மாலை எங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் போனபின் நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மூத்தார் உறையைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனார். கடல் அம்மன் முன்னால் பிறைக்கட்டையைப் போட்டுப் பார்த்தார்கள்; பிறை மாதிரி செதுக்கிய அந்த இரண்டு கட்டை விழுகிற விதம்தான் சாமியின் பதில். இன்னொரு தடவை உறையைப் பாதையில் வைக்கலாமா என்று கேட்டால், கட்டை வேண்டாம் வேண்டாம் என்றே விழுந்தது. எடுத்த ஆளையே ஏற்றுக்கொள்கிறாயா என்று சாமியாடி கிம்-லானைச் சும்மா கேட்டுப் போட்டான். சரி என்று விழுந்தது.

"பொம்பளைய்யா அது! அதுவும் கிழவி! அதுவும் வெள்ளைக்காரி!" என்று மூத்தார் குதித்தார்.

"அத உன் தம்பி மககிட்ட கேளு. என்கிட்ட ஏன் கத்தற?" என்று சாமியாடி சிவப்புத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

மூத்தார் உறையை என் மடியில் எறிந்தார். "உன் பொண்ணு செத்தும் அடங்க மாட்டேங்குறா. நீயாச்சு அவளாச்சு."

நான் அந்த உறையை எடுத்துக்கொண்டு மருந்துக்கூடத்துக்குப் போனேன். பெ கோ-நியூ பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை.

"கோ-நியூ, ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. உங்க சாமி வீட்டுல கல்யாணமாகாத பொண்ணுக்கு இடம் உண்டா?"

"உண்டு."

"யாரு இருக்கா அப்படி?"

"நான் இருக்கிறேனே."

"நீங்க உசுரோட இருக்கீங்க. நான் கேக்கறது செத்தப்புறம்."

"செத்தபின்பும் உண்டு."

"அப்ப சரி. எடுத்தது எடுத்தாச்சு, நீங்களே வெச்சுக்கங்க" என்று உறையை மேஜையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, கனவு, பன்றி, பிறைக்கட்டை ஒன்றையும் விடவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு உறையை எடுத்தாள்.

"அறியாமல் எடுத்தேன்" என்றாள். "ஆனாலும் எடுத்தவள் நான்தான்."

அதைத் தன் வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

ஜெபவீட்டுக்குப் பின்னால் மணல்மேட்டில் அவர்கள் கல்லறைத் தோட்டம். அதில் பெ கோ-நியூவுக்கென்று ஓர் இடம், சிமெண்ட் விளிம்பு கட்டி முன்னாலேயே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கிம்-லானின் ஜாடி இருக்கட்டும், என் காலம் வரும்போது நான் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று அவள் சபையில் கேட்டாள். சுவாதான் சபைக்கு மூப்பர். நான் உடைக்கிற சிப்பியை வாங்குகிறவரும் அவர்தான். நல்ல மனுஷன், ஆனால் விறைப்பு.

"ஞானஸ்நானம் வாங்காத பொண்ணு. அதுவும் பேய்க் கல்யாணத்துக்குத் தெருவுல போட்ட உறைய வெச்சு" என்றார். "இன்னிக்கு ஒரு ஜாடி வரும், நாளைக்கு ஊர்ல வேண்டாத ஜாடி எல்லாம் நம்ம வாசலுக்கு வரும். நாங்க எங்க அப்பன் பாட்டன் பலகைய எடுத்துட்டு, ஊர்க்காரன் துப்பினதத் தொடச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கறோம். அதுக்கெல்லாம் என்ன அர்த்தம், கோ-நியூ?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது நியாயமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "அவ்வளவுதானே? அந்தத் தண்ணிய எனக்கு ஊத்துங்க. நான் வாங்கிக்கறேன். தாய்க்கு ஊத்தினா மகளுக்கும் சேத்தி" என்றேன்.

மூப்பர் யோசித்தார். ஒத்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். குறுக்கே விழுந்தது பெ கோ-நியூ.

"ஜாடிக்காக வேண்டாம், போங்-சி."

"வேற எதுக்காக?"

"நீ அவரிடம் வியாபாரம் பேசுகிறாய். அவர் வியாபாரி அல்ல."

"எல்லாச் சாமியும் வியாபாரிதான். எங்க கடல் அம்மனுக்குப் பன்னித்தலை வெச்சா காத்து அடங்குது. உன் சாமிக்கு என்னதான் வேணும்?"

"ஒன்றும் வேண்டாம். அவர் முன்னமே கொடுத்துவிட்டார்."

"குடுத்துட்டாரா? அப்ப இடத்தக் குடுக்கச் சொல்லு! எடுத்தவளே நீதான், இப்பக் கைய விரிக்கறியா?" மரியாதை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. வீட்டுக்கு வந்து, அன்றைக்கு ஒரு கூடைச் சிப்பியைக் கன்னாபின்னாவென்று உடைத்து நாசமாக்கினேன்.

மறுநாள் மத்தியானம் கொட்டகை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அவளேதான். நேராக உள்ளே வந்தாள். கிம்-லான் சின்ன வயதில் உட்கார்ந்த முக்காலியை இழுத்து, ஜாடிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கத்தியை எடுத்துச் சிப்பி உடைக்க ஆரம்பித்தாள். அவளும் கடற்கரையில் பிறந்தவளாம். பிறந்தது எங்கேயோ, கத்தி பிடிக்கத் தெரியவில்லை. கையைக் கிழித்துக்கொண்டாள்.

"விடுங்க கோ-நியூ, சிப்பி திங்கறவன் ரத்தமும் சேத்துத் திங்கணுமா?" என்றேன். அவள் சிரித்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. போகும்போது குனிந்து ஜாடிமேல் கையை வைத்து, "கிம்-லான், சமாதானத்தோடே இரு. நாளை வருகிறேன்" என்றாள். என் மகள் பெயரை என்னைத் தவிர இன்னொரு வாய் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. வீட்டில் 'அது' என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் மருந்துக்கூடத்தில் வேலை முடிந்தால் வந்துவிடுவாள். சாமியைப்பற்றி நானாகக் கேட்டால் சொல்வாள். செத்துப்போன சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து, எழுந்திரு என்று அவர் சொன்ன கதையை நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். "அப்படியும் எழுப்பினாரா?" என்றேன். "அதைக் குறித்து அவர் விசாரிக்கவே இல்லை" என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஞானஸ்நானப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ரோஷம்தான், வேறென்ன.

ஒரு நாள் கனவில் கிம்-லான் நிற்கவில்லை. அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் பெ கோ-நியூவிடம் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நல்லது எதுவும் என்னிடம் தங்காது, என் தலையெழுத்து அப்படி. அவள் இளைக்க ஆரம்பித்தாள். வயிற்றில் கட்டி. அவளே நர்ஸ், எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளை அனுப்பிய மிஷன்காரர்கள் உடனே புறப்பட்டு வா என்று ஆணை போட்டுவிட்டார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம், ஒரு தம்பி மகள் இருக்கிறாளாம்.

"போகாதீங்க" என்றேன். "நான் பாத்துக்கறேன். கஞ்சி வெக்கத் தெரியாதா எனக்கு? இங்கதானே உங்க இடம் இருக்கு?"

"இங்கேயே மரிக்க விரும்புகிறேன் என்று எழுதினேன். அவர்கள் சம்மதிக்கவில்லை." அவள் முகத்தில் அப்படி ஒரு தவிப்பை நான் பார்த்ததில்லை. "என் தாய் தகப்பன் இல்லை. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லை, போங்-சி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளும் ஒரு வீட்டுப் பலகையிலும் பெயர் ஏறாத பெண்தான். இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிப்பி ஓட்டுக் குவியல்மேல் உட்கார்ந்து அழுதோம்.

அவள் வேதபுத்தகத்திலிருந்து அந்தச் சிவப்பு உறையை எடுத்துக் காட்டினாள். "ஜாடியை எடுத்துச்செல்ல விடமாட்டார்கள். இதை எடுத்துச்செல்கிறேன். என்னை அடக்கம்பண்ணும்போது இவள் என் கையில் இருப்பாள். நான் இருக்கிற இடம் இவளுக்கும் இடம். இது என் வாக்கு."

"கல்லறைக் கல்லுல?"

"அவள் பெயரும் இருக்கும்படி சொல்வேன்."

அவள் புறப்பட்ட நாள் ஜெபவீட்டு ஜனங்கள் எல்லாரும் பேருந்து நிறுத்தத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு வாளி நிறையத் தண்ணீரோடு போனேன். பேருந்து நகர்ந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், வாளித் தண்ணீரைச் சக்கரத்துக்குப் பின்னால் வீசிக் கொட்டினேன்.

"பைத்தியமாடி உனக்கு?" என்று சுவா மூப்பர் கத்தினார். "நோயாளி போறா, தண்ணிய வீசற! உனக்கு அப்படி என்ன ஆத்திரம் அவ மேல?"

ஆத்திரமா? கல்யாணமாகிப் போகிற மகளை அனுப்பும்போது தாய் வாசலில் தண்ணீர் வீசவேண்டும். கொட்டிய தண்ணீர் திரும்பாது, நீயும் போன வீட்டில் நிலைத்து இரு என்று அர்த்தம். கூட்டத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரிந்த வழக்கம்தான், ஆனால் கல்யாணப் பெண் யாரென்று அவர்களுக்குத் தெரியாதே. தெரிந்தவள் பேருந்துக்குள் இருந்தாள். ஜன்னல் வழியாக ஒரு கை வந்தது. கையிலிருந்த காகித விசிறியைச் சாலையில் போட்டது. பிறந்த வீட்டைவிட்டுப் போகிற பெண் அப்படித்தான் விசிறியைப் போட்டுவிட்டுப் போவாள். இத்தனை வருஷம் எங்கள் ஊர்க் கல்யாணங்களில் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், பாவி. என் மகளுக்காக அதைப் போட்டாள். நான் விசிறியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுச்சாலையில் நின்று அழுதேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஓரகத்தி விடுவாளா?

"என்னடி, வெள்ளைக்காரி போனப்புறம்தான் பக்தி முத்துதா?"

"என் பொண்ணு வாக்கப்பட்டுப் போன வீட்டுச் சாமி. சம்பந்தி வீட்டுச் சாமியக் கும்பிட்டா உனக்கு எங்க வலிக்குது?" என்றேன்.

அடுத்த வருஷம் பெ கோ-நியூ காலமான செய்தி வந்தது. நான் கொட்டகையைச் சாத்திவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். ஆனால் அந்தத் துக்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. என் மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளுக்கு ஒரு மண் கிடைத்துவிட்டது. பனி பெய்கிற ஊர் என்கிறார்களே, குளிருமே என்று மட்டும்தான் கவலைப்பட்டேன்.

பிறகு ஒரு நாள், அத்தை இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று அந்தத் தம்பி மகளே வந்துவிட்டாள். சோல்வை என்று பெயர். கிம்-லான் வயதிருக்கும். வெயிலில் முகம் சிவந்துபோய் ஜெபவீட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இளம் போதகருக்கு ஆங்கிலம் தெரியும், அவர் மாற்றிச் சொன்னார். சுவா மூப்பரும் நானும் எதிரில் உட்கார்ந்திருந்தோம்.

"கடைசி மாசங்கள்ல அத்தைக்கு நார்வே பாஷையே மறந்துபோச்சுன்னு சொல்றாங்க" என்றார் போதகர். "முழுக்க நம்ம பாஷையிலயே பேசியிருக்காங்க. அங்க யாருக்கும் ஒண்ணும் புரியல. நர்ஸுங்க கையக் கையப் பிடிச்சு எதையோ கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். இவங்களும் தலையணையச் சரி பண்ணி, தண்ணி குடுத்து, சரி சரின்னு தலையாட்டியிருக்காங்க. அது இல்ல, அது இல்லங்கற மாதிரி அத்தை அழுவாங்களாம்."

போதகர் தொடர்ந்தார்.

"கடைசி வரைக்கும் கையில ஒண்ண விடாம பிடிச்சிருந்தாங்களாம். போனப்புறம் இவங்கதான் மெதுவா விரலப் பிரிச்சு எடுத்தாங்களாம். உள்ள யாரோட முடியோ இருந்துச்சு, இங்க யாருக்கோ ரொம்ப முக்கியமான பொருளா இருக்கும், மண்ணுக்குள்ள போயிடக்கூடாதுன்னு பத்திரமா எடுத்து வெச்சு, குடுக்கறதுக்குன்னே இவ்வளவு தூரம்..."

போதகர் முடிக்கவில்லை. அந்தப் பெண் பையைத் திறந்து, இரண்டு கையாலும் அதை எடுத்து நீட்டினாள். அவள் அத்தை அன்றைக்கு உப்பளத்துப் பாதையில் நீட்டினாளே, அதே மாதிரி. சிவப்பு வெளுத்து, மூலை மடங்கியிருந்தது. மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள். நல்லது செய்த முகம்.

அவளை என்னவென்று திட்டுவது? வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன். "ரொம்ப நன்றிம்மா. சாப்பிட்டியா?" என்று கேட்டேன். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சிப்பிக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் குடித்தாள். கல்லறைக் கல்லின் புகைப்படத்தைக் காட்டினாள். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. எனக்கு அந்த எழுத்து தெரியாது, ஆனால் ஒரு வரியில் எத்தனை பேர் இருக்க முடியும் என்று தெரியும். அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு நேராக ஜெபவீட்டுக்குத் திரும்பினேன்.

உறை மேஜையில் அப்படியே கிடந்தது. மூப்பர் மட்டும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாழாவெட்டியா வந்துட்டாளே மூப்பரே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "கோ-நியூ கேட்டிருக்கா. அந்தப் பொண்ண என்கூட வையுங்க, வையுங்கன்னு சாகற வரைக்கும் கேட்டிருக்கா. ஒருத்தருக்குப் புரியலியே. நம்ம பாஷைய மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டுப் போய்ச் சேந்தாளே பாவி."

"அன்னிக்கே அந்த ஜாடிய வெக்க விட்டிருக்கலாம்" என்றார் மூப்பர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மேஜையிலிருந்து உறையை எடுத்தேன்.

"யார் எடுக்கறாங்களோ அவங்க ஏத்துக்கணும். பெத்தவ எடுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல. மணல்மேட்டுல கோ-நியூவுக்கு வெச்ச இடம் காலியாத்தானே கிடக்கு? அத எனக்குக் குடுங்க. தண்ணிய ஊத்துங்க."

"மறுபடி ஜாடிக்காகத்தானே, போங்-சி?"

"ஆமா, ஜாடிக்காகத்தான். பொய் சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு கேளுங்க. அவ அங்கே நம்ம பாஷையில கேட்டுக்கிட்டே கிடந்தப்ப, உங்க சாமி பக்கத்துலதானே இருந்திருப்பாரு? அவருக்குப் புரிஞ்சிருக்கும்ல? மத்த யாருக்கும் புரியலன்னாலும் அவருக்குப் புரிஞ்சிருக்கும். அத நான் நம்பறேன். நம்பலன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். அதுக்குப் பேருதான் விசுவாசம்னா எழுதிக்கங்க. இல்லன்னா விடுங்க."

மூப்பர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "உன் காலம் வரும்போது உன் பெட்டிக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு நான் தோண்டியா பாக்கப் போறேன்? அப்படி நான் முந்திப் போயிட்டாலும், என் மகன்கிட்டச் சொல்லி வெச்சுட்டுப் போறேன்."

ஈஸ்டர் ஞாயிறன்று என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பெ கோ-நியூ இருந்திருந்தால் ஜாடிக்காக வேண்டாம் என்று மறுபடி சண்டை போட்டிருப்பாள். போடட்டும், வந்து போடட்டும் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விசுவாசத்தில் அழுகிறேன் என்று நினைத்து எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

இடம் என் பேருக்கு ஆகிவிட்டது. ஆனால் அதைத் திறக்க ஒரு சாவு வேண்டும், அது என்னுடையது. எனக்கோ பாழாய்ப்போன உடம்பு, தலைவலிகூட வருவதில்லை. ஜாடி இன்னும் சிப்பிக் கொட்டகை மூலையில்தான் இருக்கிறது. வலையை எடுத்துவிட்டேன், பக்கத்தில் அந்த முக்காலியைப் போட்டிருக்கிறேன். உறையையும் விசிறியையும் ஜாடிக்குள்ளேயே வைத்துவிட்டேன். கனவில் அவள் மறுபடி நிற்க ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஜாடிமேல் கையை வைக்கிறேன். "கொஞ்சம் பொறுடி, அம்மா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்துகிறேன்.